ஆடியவருக்கும் ஆட்டுவித்தவருக்கும் என்ன கூலி? நடன வரலாற்று ஆய்வு பற்றி ஓர் இழை

#1 வெண்ணாறு

வணக்கம். முதுகலை வரலாறு முடித்துவிட்டு முனைவர் பட்டத்துக்கு ஆய்வுத் திட்டம் எழுதிக்கொண்டிருக்கிறேன். சின்ன வயதிலிருந்து பரதம் கற்றதால் நடன வரலாறு என்று முடிவெடுத்தேன். எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் ஒரே கதை. பழங்காலத்தில் புனிதமாக இருந்தது, நடுவில் கெட்டுப்போனது, 1930களில் நல்லவர்கள் சிலர் வந்து மீட்டார்கள். நெறியாளரோ, "தேவதாசி பற்றி நிறையப் பேர் எழுதியாச்சு, வேறு பார்" என்கிறார்.

என் கேள்வி சாதாரணமானது. ஆடியவர்களுக்கு யார், எதை, எவ்வளவு கொடுத்தார்கள்? கற்றுக்கொடுத்த நட்டுவனாருக்கு என்ன கிடைத்தது? கால் ஓய்ந்த பிறகு எதை வைத்துச் சாப்பிட்டார்கள்? இதற்கெல்லாம் சான்று எங்கே தேடுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 கல்வெட்டுக்காரன்

வெண்ணாறு, தைரியமாக இறங்குங்கள். புனிதம் பற்றிய சான்றுகளைவிடக் கூலி பற்றிய சான்றுகள்தான் நம்மிடம் தெளிவாக இருக்கின்றன.

முதலில் தஞ்சைப் பெரிய கோயில். தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதி, 66ஆம் எண். சோழ நாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயிலைச் சார்ந்த தெருக்களில் வாழ்ந்த ஆடல் பெண்களை, ராஜராஜன் கொண்டுவந்து குடியமர்த்திய கணக்கு அது. எந்தத் தளிச்சேரி, தெருவின் எந்தச் சிறகு (வரிசை), எத்தனையாவது வீடு, எந்த ஊர் எந்தக் கோயிலிலிருந்து வந்தவர், பெயர் என்ன, பங்கு ஒன்று. இப்படியே வீடு வீடாகப் போகும். திருவாரூர், திருவையாறு, பழையாறை, நாகப்பட்டினம் எல்லாம் வரும். ஒரு பங்கு என்பது ஒரு வேலி (பழைய நில அளவு) நிலத்தின் விளைச்சலிலிருந்து ஆண்டுக்கு 100 கலம் (பழைய முகத்தல் அளவு) நெல். நட்டுவம் செய்வோருக்கு ஆளுக்கு இரண்டு பங்கு. அதே பட்டியலில் பாடுவோர், கொட்டுவோர், கணக்கர், தச்சர், தையல்காரர் எல்லோரும் இருக்கிறார்கள். ஒரு பெரிய நிறுவனத்தின் சம்பளப் பட்டியல் என்றே நான் அதைப் படிப்பேன்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி கடைசியில் வரும் ஏற்பாடு. பங்கு பெற்றவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ அவருக்கு அடுத்த உறவினர் அந்தப் பங்கைப் பெற்று அந்தப் பணியைச் செய்ய வேண்டும். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள வேறொருவரைக் கொண்டு செய்விக்க வேண்டும். பரம்பரை உரிமை உண்டு, ஆனால் வேலை தெரிந்திருக்க வேண்டும்.

அதே கோயிலில் பின்னால், இரண்டாம் ராஜேந்திரன் காலத்தில், ராஜராஜேசுவர நாடகம் ஆடிய சாந்திக்கூத்தனுக்கு ஆண்டுக்கு 120 கலம் நெல் என்று ஒரு கல்வெட்டு சொல்கிறது. வைகாசித் திருவிழாவில் ஆட வேண்டும். ஆக, கூத்தாடிய ஆணுக்கும் இதே முறைதான்.

ஒரு எச்சரிக்கை. இந்த 400 பேரைப் பார்த்துவிட்டு எல்லாக் கோயிலிலும் இப்படி என்று எழுதிவிடாதீர்கள். சோழர் காலக் கோயில் பெண்கள் கல்வெட்டுகளில் பெரும்பாலும் கொடை கொடுத்தவர்களாகத்தான் வருகிறார்கள், ஆடியவர்களாக மிகக் குறைவு என்று லெஸ்லி ஓர் (Leslie Orr) என்ற ஆய்வாளர் கணக்கெடுத்துக் காட்டியிருக்கிறார். தஞ்சாவூர் விதிவிலக்கு. நம்மவர்களுக்கு விதிவிலக்கைப் பிடித்து விதியாக்குவதில் தனி ருசி.

#3 திண்ணைவாசி

அப்போ வாரிசு வேலை ராஜராஜன் காலத்திலேயே இருந்திருக்கு! அதுவும் தகுதி பார்த்துக் கொடுத்திருக்கிறார்கள். இப்போதைய அலுவலகங்களுக்கு ஒரு படி அனுப்பலாம்.

#4 மேலவீதி

நான் இசை வேளாளர் குடும்பம். அப்பா வழியில் நட்டுவனார்கள், அம்மா வழியில் ஆடியவர்கள். இப்படி ஒரு கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

சின்னமேளம் என்றால் ஒரு ஆள் இல்லை, ஒரு குழு. ஆடுகிற பெண், தாளம் போட்டு ஜதி சொல்லிப் பாடுகிற நட்டுவனார், மத்தளம், முகவீணை, சுருதிக்குத் துத்தி. பின்னால் முகவீணை போய்க் கிளாரினெட் வந்தது. நாகஸ்வரமும் தவிலும் பெரியமேளம். இரண்டும் ஒரே சமூகத்துக்குள், கொண்டு கொடுத்துப் பழகிய குடும்பங்களுக்குள். ஒரு பெண் சம்பாதித்தால் அந்த வீட்டில் பலர் சாப்பிட்டார்கள். வீட்டின் தலைமை மூத்த பெண்ணிடம் இருந்தது. சொத்தில் மகளுக்கு உரிமை இருந்தது. அன்றைக்கு மற்ற வீடுகளில் அப்படி இல்லை.

அமிர்த சீனிவாசன் 1985இல் எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லியில் எழுதிய கட்டுரையைக் கட்டாயம் படியுங்கள். சீர்திருத்தத்தால் யாருக்கு என்ன கிடைத்தது என்று குடும்பத்துக்குள் போய்ப் பார்த்த கட்டுரை. எங்கள் வீட்டுப் பெரியவர்களை விசாரித்து எழுதியதுபோல இருக்கும்.

இனி வலிக்கிற இடம். 1929 சட்டத் திருத்தம் கோயில் சேவைக்காக வரிச்சலுகையோடு விடப்பட்ட இனாம் நிலத்தை அந்தப் பெண்களுக்கே உரிமையாக்கியது. நிலம் இருந்தவர்களுக்குச் சரி. இல்லாதவர்களுக்கு? நட்டுவனாருக்கு? 1947 தேவதாசி ஒழிப்புச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். பொட்டுக் கட்டுவதை, அதாவது பெண்ணைக் கோயிலுக்கு நேர்ந்துவிடுவதை, மட்டும் அது தடுக்கவில்லை. கோயில் வளாகத்திலும் சாமி ஊர்வலத்திலும், கும்ப ஆரத்தியோடோ அது இல்லாமலோ, பெண் ஆடுவதையே குற்றமாக்கியது. கும்ப ஆரத்தி, அதாவது சாமிக்குக் குடவிளக்கு காட்டுவது, தினசரி வேலை. ஒரு வேலையைச் சட்டம் போட்டு நிறுத்தினால் செய்தவர்களுக்கு மாற்று வேலை என்ன என்று கேட்பது நியாயம்தானே? 1981 முதல் சிதம்பரத்தில் நாட்டியாஞ்சலி நடக்கிறது. யார் வீட்டுப் பெண்கள் ஆடுகிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

#5 நடுவாசல்

மேலவீதி, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் அந்தச் சட்டம் வெளியாட்கள் கொண்டுவந்து திணித்தது என்ற தோரணையை நான் ஏற்கமாட்டேன். சட்டத்துக்காகப் போராடிய முத்துலட்சுமி ரெட்டியின் தாயார் அதே சமூகத்தில் பிறந்தவர். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் அந்த வாழ்க்கையின் உள்ளே இருந்து வந்தவர். 1936இல் அவர் நாவலே எழுதினார், மேடை மேடையாகப் பேசினார். ஏழு வயதுப் பெண்ணுக்குப் பொட்டுக் கட்டுவதை "பணி நியமனம்" என்று அழகாகச் சொல்லிவிட முடியுமா? அந்தப் பெண்ணிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. முத்துலட்சுமி ரெட்டி சட்டத்தோடு நிற்கவுமில்லை. போக்கிடம் இல்லாத பெண்களுக்காக 1930இல் அவ்வை இல்லத்தைத் தொடங்கினார்.

நிலம், நெல், பங்கு என்று மட்டும் எழுதினால் இந்தப் பக்கம் காணாமல் போய்விடும். வெண்ணாறு கவனிக்க வேண்டும்.

#6 மேலவீதி

நடுவாசல், சம்மதம் பற்றி நீங்கள் சொன்னதை மறுக்கவில்லை. எங்கள் வீட்டிலேயே ஒரு அத்தைப் பாட்டி, "தப்பித்தேன்" என்பார். இன்னொருவர் கடைசி வரை அந்தச் சட்டத்தைத் திட்டிக்கொண்டே இருந்தார். இரண்டு பேரும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். நான் கேட்பது, திட்டியவரின் பேச்சு ஏன் எந்தப் பாடநூலிலும் இல்லை என்பதுதான். 1927 வாக்கில் மெட்ராஸில் தேவதாசிகளே சங்கமாகக் கூடி அரசுக்கு மனு கொடுத்தார்கள். எங்கள் தொழில் வேறு, விபச்சாரம் வேறு, எங்களுக்குக் கல்வி கொடுங்கள் என்று கேட்டார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாளும் சட்டத்தை எதிர்த்தவர்தான். திருவையாற்றில் தியாகராஜர் சமாதியில் கோயில் எழுப்பியவர் என்று அவரை எல்லோரும் சொல்வார்கள். இதை விட்டுவிடுவார்கள்.

விராலிமலை முத்துக்கண்ணம்மாளுக்கு 2022இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அந்தக் கோயிலில் இருந்த 32 பேரில் கடைசியாக மிஞ்சியவர். அவரிடம் தவேஷ் சோனேஜி என்ற ஆய்வாளர் எவ்வளவோ முன்னாலேயே போய் உட்கார்ந்து பேசியிருக்கிறார். நம் பத்திரிகைகளுக்கு விருது வந்த பிறகுதான் விராலிமலைக்கு வழி தெரிந்தது.

#7 கல்வெட்டுக்காரன்

இடையில் ஒரு தகவல். கூலி, ஒப்பந்தம் என்று தேடுகிறவர்கள் 1838ஐ விடக்கூடாது. கடலூர் பக்கத்துத் திருவந்திபுரத்திலிருந்து ஐந்து பெண்களும் மூன்று ஆண்களும் ஒரு பிரெஞ்சு ஏற்பாட்டாளரோடு கப்பலேறிப் பாரிஸ் போனார்கள். புதுச்சேரியில் முறையாக ஒப்பந்தம் எழுதித்தான் போனார்கள். பாரிஸிலும் லண்டனிலும் மேடை ஏறினார்கள். அதில் அம்மணி என்ற பெண்ணைப் பற்றித் தெயோஃபில் கோத்தியே என்ற பிரெஞ்சு எழுத்தாளர் பத்திரிகையில் எழுதித் தள்ளினார். பார் என்ற சிற்பி அவளை வெண்கலத்தில் வடித்தார். எல்லோரும் அந்தச் சிலையைப் பார்க்கிறார்கள். நான் ஒப்பந்தத்தைப் பார்க்கச் சொல்வேன். பின்னாளில் கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி பிறப்பதற்கு முன்பே, சபாக்கள் வருவதற்கு முன்பே, எழுதிக் கையெழுத்திட்டு வெளிநாடு போன தொழில்முறைக் கலைஞர்கள் அவர்கள்.

#8 சலங்கைமணி

சார், மேடம், எல்லோரும் பழைய கூலியைப் பேசுகிறீர்கள். இன்றைய கூலியைக் கொஞ்சம் கேளுங்கள். நான் நடன ஆசிரியை. பட்டயமும் பட்டமும் உண்டு.

காலையில் ஒரு தனியார் பள்ளியில் இணைப்பாடம் என்ற பெயரில் வகுப்பு. வருடத்தில் பத்து மாதம் சம்பளம், கோடை விடுமுறைக்குக் கிடையாது. ஆண்டு விழா நெருங்கினால் சனி, ஞாயிறும் போக வேண்டும், அதற்குத் தனியாக எதுவும் இல்லை. மாலையில் வீட்டு ஹாலில் வகுப்பு. டைல்ஸ் தரை. அந்தத் தரையில் தட்டடவு, நாட்டடவு என்று வருடக்கணக்காகத் தட்டினால் குதிகாலும் முட்டியும் என்ன ஆகும்? எலும்பு மருத்துவர், "தரையை மாற்றுங்கள்" என்றார். வாடகை வீட்டில் மரத்தரை போட வீட்டுக்காரர் விடுவாரா?

கச்சேரி இன்னும் வேடிக்கை. ஒரு சபையில் மார்கழியில் ஆட வாய்ப்புக் கிடைத்தது. அவர்கள் தருவது மேடையும் ஒரு பொன்னாடையும். பாட்டு, நட்டுவாங்கம், மிருதங்கம், வயலின், ஒப்பனை எல்லாவற்றுக்கும் நான்தான் கொடுத்தேன். ஒத்திகைக்கும் தனிப் பணம். ஆடியவளுக்குக் கையிலிருந்து போனது, கூட உட்கார்ந்த எல்லோருக்கும் வந்தது. அவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கும் அதுதான் பிழைப்பு. மேலவீதி சொன்ன சின்னமேளத்தில் பாட்டு, ஜதி, பயிற்சி, அமைப்பு எல்லாம் நட்டுவனார் ஒருவரே. இப்போது அந்த ஒரு ஆளின் வேலையை நாலாகப் பிரித்து நாலு பேருக்குக் கொடுக்கிறோம்.

சினிமாவில் குழுவில் ஆடுகிறவர்களுக்குச் சங்கம் இருக்கிறது, ஒரு நாளைக்கு இவ்வளவு என்று பேசி வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு என்ன இருக்கிறது? "கலைக்குச் சேவை" இருக்கிறது.

#9 திண்ணைவாசி

பொன்னாடையை எல்லாம் சேர்த்து வைத்து மரத்தரைக்கு மேல் விரிக்கலாம் போல.

#10 சலங்கைமணி

திண்ணைவாசி, அதெல்லாம் வழுக்கும்.

#11 பண்டாரவாடை

சலங்கைமணி அக்கா சொன்ன "நாலாகப் பிரிந்தது" எப்போது தொடங்கியது என்று பார்த்தால் வெண்ணாற்றுக்கு ஒரு அத்தியாயமே கிடைக்கும்.

1931 மார்ச்சில் மியூசிக் அகாடமி மேடையில் கல்யாணி டாட்டர்ஸ் என்ற ராஜலட்சுமியும் ஜீவரத்தினமும் ஆடினார்கள். கூட்டம் அதிகமில்லை. 1933இல் மறுபடி ஆடியபோது நல்ல கூட்டம். நடுவே பத்திரிகையில் நடனத்தை ஆதரித்த வழக்கறிஞர் ஈ. கிருஷ்ணய்யரும் முத்துலட்சுமி ரெட்டியும் கடிதத்தில் மோதிக்கொண்டது பெரிய விளம்பரமாகிவிட்டது. 1935 டிசம்பர் கடைசியில் அடையாறு தியசாபிகல் சங்கத்தில் ருக்மிணி தேவி ஆடினார். அடுத்த ஜனவரியில் பின்னாளில் கலாக்ஷேத்ரா ஆன நிறுவனம் தொடங்கியது. ஐந்து வருடத்துக்குள் எல்லாம் நடந்துவிட்டது.

மேடையையே பாருங்கள். அதற்கு முன் நட்டுவனாரும் மத்தளக்காரரும் ஆடுகிறவளுக்குப் பின்னால் நின்றபடி, அவள் முன்னே போனால் கூடவே போய், பின்னே வந்தால் கூடவே வருவார்கள். ருக்மிணி தேவி அவர்களை மேடையின் ஓரத்தில் உட்கார வைத்தார். பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் ஆட்டத்தை நடத்துகிறவர் பார்வையாளரின் கண்ணிலிருந்து ஒதுங்கி ஓரத்துக்குப் போனார்.

கற்பித்தலும் அப்படியே. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மிருணாளினி சாராபாய், ராம் கோபால், சாந்தா ராவ் எல்லாம் போய்க் கற்றார்கள். ஆசிரியர் வீட்டு வழக்கத்துக்கு மாணவர் பழகிக்கொள்ள வேண்டும். கலாக்ஷேத்ராவில் நட்டுவனார்கள் சம்பளத்துக்கு ஆசிரியராகப் போனார்கள். மணி அடித்தால் வகுப்பு, வரிசையாகப் பிள்ளைகள், அடவு எல்லோருக்கும் ஒரே மாதிரி. இதனால் ஆசிரியர்கள் நிறைய உருவானார்கள், அதை மறுக்க முடியாது. சலங்கைமணி அக்காவின் பட்டயமும் அந்த வழியில் வந்ததுதான். ஆனால் எந்த மாணவிக்கு என்ன பொருந்தும் என்று பார்த்து ஜதியை மாற்றிப் போடுகிற அதிகாரம் நட்டுவனாரிடமிருந்து பாடத்திட்டத்துக்குப் போய்விட்டது. என்னைக் கேட்டால் 1930களில் நடந்த பெரிய மாற்றம் இதுதான். சிருங்காரத்தை, அதாவது காதல் சுவையை, குறைத்தார்களா, கூட்டினார்களா என்ற சண்டையில் எல்லோரும் இதைத் தவறவிடுகிறார்கள்.

#12 மேலவீதி

சிருங்காரச் சண்டையை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிடாதீர்கள் தம்பி. பாலசரஸ்வதிக்கு அது கலையின் உயிர்நிலை. 1925இல் காஞ்சிபுரத்தில் ஏழு வயதில் அரங்கேறியவர், வீணை தனம்மாளின் பேத்தி. 1953இல் மியூசிக் அகாடமியில் அவருக்குப் பள்ளி வைத்துக் கொடுத்தார்கள். சென்னை வீட்டுப் பெண்கள் அங்கே வரிசையில் நிற்கவில்லை. அவரைத் தேடி வந்தவர்களில் பலர் அமெரிக்கர்கள். 1973இல் சங்கீத கலாநிதி, 1977இல் பத்ம விபூஷண். விருதுக்குக் குறைவில்லை, மாணவிகளுக்குத்தான் குறை. கற்பித்தல் வரலாறு எழுதுகிறவர் இதற்குக் காரணம் சொல்லியாக வேண்டும்.

ஆனால் பண்டாரவாடை சொன்ன அதிகாரம் பற்றிய பேச்சு சரி. அதோடு இன்னொன்று: நட்டுவனார்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. குப்பையா பிள்ளை குடும்பம் பம்பாய்க்குப் போய் 1945இல் ராஜராஜேஸ்வரி பரத நாட்டிய கலா மந்திரைத் தொடங்கியது. வழுவூர் ராமையா பிள்ளை சினிமாவுக்குப் போனார். 1947இல் "நாம் இருவர்" படத்தில் குமாரி கமலா ஆடியதைப் பார்த்துத்தான் ஊர் ஊராகப் பெண்பிள்ளைகளை நடன வகுப்பில் சேர்த்தார்கள். பரதம் பரவியதில் சினிமாவின் பங்கை ஹரி கிருஷ்ணன் விரிவாக எழுதியிருக்கிறார். மறுமலர்ச்சிக் கதையில் சினிமாவுக்கு இடமே கொடுப்பதில்லை, கௌரவக் குறைச்சல் போலிருக்கிறது.

#13 நல்லூரான்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கத்தையும் சேருங்கோ தங்கச்சி.

இங்கேயும் கோயில் திருவிழாக்களுக்குத் தமிழகத்திலிருந்து சின்னமேளம் வந்து ஆடியது. நல்லூரில் அதை ஆறுமுக நாவலர் கடுமையாக எதிர்த்தார். அதாவது உங்கள் சீர்திருத்தப் பேச்சுக்கு அரை நூற்றாண்டு முன்னரே இங்கே அது தொடங்கிவிட்டது. சைவ ஒழுக்கம் என்ற பெயரில்.

பிறகு நடந்ததுதான் சுவாரசியம். இலங்கையில் நடனம் அரச பாடசாலைகளில் ஒரு பாடம். சாதாரண தரப் பரீட்சையில் பரதநாட்டியம் எடுக்கலாம். அதற்கு நிரந்தர ஆசிரியர் நியமனம், சம்பளம், ஓய்வூதியம் எல்லாம் உண்டு. வட இலங்கைச் சங்கீத சபை தரம் தரமாகப் பரீட்சை வைத்துக் கலாவித்தகர் வரை பட்டம் கொடுக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இராமநாதன் பெயரில் நுண்கலைப் பிரிவும் இருக்கிறது. சலங்கைமணி சொன்ன கஷ்டம் இங்கே அந்த வடிவில் இல்லை. அதற்குப் பதிலாக வேறு கஷ்டம். பிள்ளைகள் பரீட்சைக்காக ஆடுகிறார்கள். தாளக் குறியீட்டைக் கொப்பியில் பிழையில்லாமல் எழுதுவார்கள், வர்ணம் முழுதாக ஆடச் சொன்னால் சிலருக்கு வராது. இருந்தாலும், மாதம் முடிய வீட்டுக்குச் சம்பளம் வரும் நடன ஆசிரியைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதைச் சாதாரணமாக எண்ண வேண்டாம்.

#14 சலங்கைமணி

நல்லூரான் அண்ணா, ஓய்வூதியம் என்று படித்தபோது இரண்டு தரம் வாசித்தேன். இங்கே மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் பரதம் சொல்லிக்கொடுக்கிறார்கள், அந்த வேலை கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆனால் அது எல்லா மாவட்டத்திலும் இல்லை. பட்டம் வாங்கி வெளியே வரும் கூட்டத்துக்கு முன்னால் அது எந்த மூலைக்கு?

#15 வெண்ணாறு

எல்லோருக்கும் நன்றி. படிக்கப் படிக்க என் திட்டம் வேறு மாதிரி ஆகிவிட்டது. சோழர் காலத்தை முன்னுரையில் வைத்துக்கொண்டு, 1929இலிருந்து ஒரு தலைமுறைக்காலம் மட்டும் எடுக்கலாம் என்று நினைக்கிறேன். தஞ்சை வட்டார நட்டுவனார் குடும்பங்கள் சிலவற்றைப் பின்தொடர்வது. கோயில் வருமானம் நின்ற பிறகு யார் சென்னைக்குப் போனார்கள், யார் பம்பாய்க்கு, யார் சினிமாவுக்கு, யார் தொழிலையே விட்டார்கள், எவ்வளவு சம்பளத்துக்கு. நடுவாசல் சொன்ன சம்மதப் பிரச்சினையைத் தனியாக வைப்பேன், கூலிக் கணக்குக்குள் கரைக்க மாட்டேன்.

ஆவணங்கள் எங்கே? வீடுகளுக்குப் போய்க் கேட்டால் சொல்வார்களா?

#16 கல்வெட்டுக்காரன்

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் 1929 திருத்தம் தொடர்பான அரசாணைகளையும் இனாம் பதிவுகளையும் கேளுங்கள். இனாம் பதிவில் ஊர், சர்வே எண், எந்தச் சேவைக்காக என்பது இருக்கும். அதற்கு முந்தைய அரண்மனைக் கணக்கு வேண்டுமானால் தஞ்சாவூர். மராட்டியர் காலத்தில் மோடி என்ற எழுத்தில் எழுதிய ஆவணங்கள் சரஸ்வதி மகாலில் இருக்கின்றன, தமிழ்ப் பல்கலைக்கழகம் தமிழாக்கமும் வெளியிட்டிருக்கிறது. சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நட்டுவனார் சகோதரர்கள் நால்வரும் இருந்த அரண்மனை அது, எனவே படி, சன்மானம் பற்றிய குறிப்புகளுக்காகப் பொறுமையாகப் புரட்ட வேண்டும். மியூசிக் அகாடமியின் பழைய இதழ்கள் இணையத்திலேயே கிடைக்கும். பழைய நாடக நோட்டீசு, பாட்டுப் புத்தகம் என்றால் ரோஜா முத்தையா நூலகம்.

#17 மேலவீதி

வீடுகளைப் பற்றி நான் சொல்கிறேன். சொல்வார்கள், ஆனால் முதல் நாளே பொட்டுக் கட்டியதைப் பற்றிக் கேட்டால் கதவு சாத்திவிடும். எத்தனையோ பேர் வந்து அதை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். நீங்கள் கூலியைக் கேளுங்கள். எந்த ஊருக்கு எந்தத் திருவிழாவுக்குப் போனார்கள், வண்டிச் சத்தம் யார் கொடுத்தது, வேட்டி புடவை வந்ததா, மத்தளக்காரருக்குப் பங்கு எப்படிப் பிரித்தார்கள் என்று கேளுங்கள். பெரியவர்களுக்கு இதெல்லாம் மனப்பாடம். ஆண்களிடம் மட்டும் பேசிவிட்டு வந்துவிடாதீர்கள். சமையலறையில் இருக்கும் அத்தைக்குத்தான் கணக்குத் தெரியும்.

பல வீடுகளில் நோட்டுப் புத்தகம் இருக்கும். முன்பக்கம் ஜதிக்கோவை, பதம், ஸ்வரம். பின்பக்கம் திருப்பினால் யார் யாருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், மாதம் எவ்வளவு, யார் பாக்கி. ஆராய்ச்சி செய்கிறவர்கள் முன்பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். நோட்டை வெளியே கொண்டுபோகக் கேட்காதீர்கள், ஏற்கெனவே போனவை பல திரும்பவில்லை. அங்கேயே உட்கார்ந்து எடுங்கள், ஒரு படி அவர்களுக்கும் அச்சுப் போட்டுக் கொடுங்கள், பெயரைப் போடலாமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் இரண்டு நோட்டு இருக்கிறது. பொங்கலுக்கு அப்புறம் வாருங்கள், அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்திருக்கும். பின்பக்கத்து எழுத்து அவருக்குத்தான் படிக்க வரும்.

#18 வெண்ணாறு

கண்டிப்பாக வருகிறேன் அக்கா. தனிமடலில் எண் அனுப்புகிறேன். வருவதற்கு முன்னால் இனாம் பதிவில் உங்கள் ஊரைத் தேடிப் பார்த்து, நகல் கிடைத்தால் அப்பாவுக்காகப் பெரிய எழுத்தில் தட்டச்சு செய்து கொண்டுவருகிறேன்.